ஐந்து பதிப்பு கண்ட ஒரு வரி

நாட்டு மக்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் தகுதிக்கேற்ற தகவலை, ஏற்ற நடையில், ஏற்ற நிறத்தில், ஏற்ற தாளில் கொண்டு சேர்ப்பது ஒரு நல்லரசின் தலையாய கடமை. இந்தக் கடமையை ஆற்றுவதற்காக எங்கள் சமோவாவின் தலைநகரான அப்பியாவில் 'மக்களுக்கேற்ற தகவல் தகவமைப்பு இயக்ககம்' தொடங்கப்பட்டது. அதில் ஓர் இயக்குநர், நான்கு துணை இயக்குநர்கள், ஒரு புகைப்படக்காரர், ஒரு வேன் ஆகியவை இருந்தன. வேனை ஓட்டுவது நான். என் பெயர் சிமி. தகவலை எழுதுவது யார் என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்காகத்தான் நியூசிலாந்திலிருந்து ஹேஸல் என்ற ஆலோசகர் அம்மாளை வரவழைத்திருந்தார்கள்.

என் ஊர் ஃபலேசினா, தென்கரையில் இருக்கிறது. என் மனைவி தெலேசியா அங்கே மருத்துவ நிலையத்தில் நர்ஸ். அந்த வருடத்துப் புயல் ஊரிலிருந்த கழிவறைகளை எல்லாம் பெயர்த்து எறிந்துவிட்டது. மருத்துவ நிலையத்தின் கான்கிரீட் கழிவறை ஒன்றுதான் மிச்சம். பெயர்த்ததைப் புயல் கடலில் போட்டிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. கூடவே வந்த வெள்ளம் அதையெல்லாம் அடித்துக்கொண்டு போய் ஊற்றில் கலந்துவிட்டது. ஊர் முழுக்கக் குடிப்பது அந்த ஊற்றுத் தண்ணீரைத்தான். அடுத்த வாரமே குழந்தைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெலேசியாவிடம் வர ஆரம்பித்தார்கள். ஒரு கைக்குழந்தையை அப்பியா ஆஸ்பத்திரிக்கே அனுப்ப வேண்டியதாயிற்று.

தெலேசியா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரிதான். கடைசியில், குடும்பப் பட்டம் தாங்கும் ஊர்த்தலைவர்களில் மூத்தவரான பட்டக்காரர் துய்ஃபாவோவிடம் போய் நின்றாள்.

"நர்ஸம்மா, அந்த ஊத்து எங்க குடும்பத்துப் பேரு சொல்ற ஊத்து. அது கெட்டுப்போச்சுன்னு உன் வாயால சொன்னா அது வசவு. அதையே அரசாங்கம் மரியாதையா எழுதி அனுப்பிச்சா அது தகவல். தாள் வரட்டும், சபையில வெச்சுப் பேசுவோம்" என்றார் அவர்.

தெலேசியா ஒரு துண்டுத் தாளில் எழுதினாள்: ஊற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கவும். அதை மடித்து என் சட்டைப் பையில் திணித்தாள்.

"யோவ், இதை நூறு தாள் அடிச்சு, சீல் குத்தி வாங்கிட்டு வா. புள்ளைங்க துவண்டு கிடக்குதுங்க."

"ஒரு வரிதானே. காலையில குடுத்தா மத்தியானம் கையில வந்துரும்" என்று நான் சொன்னேன். அரசாங்க வேனை அத்தனை காலம் ஓட்டியவன் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

இயக்குநர் திமோதியோ தங்கமான மனிதர். ஆனால் அப்போதுதான் சிட்னிக்குப் போய் ஒரு பயிலரங்கில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார். போகும்போது கையில் ஒரு பெட்டியோடு போனவர், வரும்போது வாயில் 'இலக்கு மக்கள்' என்ற சொல்லோடு வந்தார். துண்டுத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சிமி, இது யாருக்கு?"

"தண்ணி குடிக்கிறவங்களுக்கு சார்."

"அது இலக்கு மக்கள் இல்லப்பா, சும்மா மக்கள். என்ன வயசு, என்ன தகுதி, என்ன மனநிலை?"

"தாகம் எடுத்த மனநிலை சார்."

ஹேஸல் அம்மாள் அதை உடனே குறித்துக்கொண்டார். அவர் எதையும் குறித்துக்கொள்வார். "நோக்கம் என்ன? தெரிவிக்கிறதா, உணர்த்துறதா, ஊக்குவிக்கிறதா?" என்று கேட்டார்.

"வயித்தால போறதை நிறுத்துறது மேடம்."

"அது விளைவு. நான் நோக்கத்தைக் கேட்கிறேன்."

இயக்குநர் விரலை மடக்க ஆரம்பித்தார். "பாரு சிமி, பட்டக்காரங்களை 'குடிக்கவும்'னு ஏவ முடியாது, குத்தமாயிடும். இளவட்டங்களை ஏவலாம், ஆனா கேக்க மாட்டாங்க. மகளிர் குழுவுக்கு அடுப்பு வேலையைப் பத்தி நாம சொன்னா சிரிப்பாங்க. மீனவங்க பாதி நாள் கடல்லதான், ஊத்துப் பக்கமே வர்றதில்ல. போதகருக்குச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி, ஆனா அவருக்கு யாரு சொல்றது?"

"அப்ப யாருக்குத்தான் சார் சொல்றது?"

"எல்லாருக்கும்தான்! அதனாலதான் அஞ்சு பதிப்பு."

"புள்ளைங்களுக்கு சார்? அதுங்கதானே படுத்திருக்கு."

"அதுங்களுக்குப் படிக்கத் தெரியாதே" என்றார் இயக்குநர், என் அறியாமையை மன்னிக்கும் குரலில்.

வேலை தொடங்கியது. 'கெட்டுப்போன தண்ணீர்' என்பது மனதைப் புண்படுத்தும் என்று 'மாற்றத்துக்குள்ளான தண்ணீர்' ஆயிற்று. மாற்றம் என்றால் நல்லதென்று நினைப்பார்களே என்று ஒரு துணை இயக்குநர் கேட்டார். நினைக்கட்டும், நம்பிக்கையூட்டுவதும் நம் நோக்கங்களில் ஒன்று என்று முடிவாயிற்று. பிறகு படம். கெட்டிலில் ஒரு பெண் தண்ணீர் ஊற்றுவது போலப் போட்டார்கள். பெண்ணுக்குத்தான் அடுப்படியா என்று ஹேஸல் அம்மாள் வருந்தினார். ஆணைப் போட்டார்கள். ஃபலேசினாவில் எந்த ஆண் கெட்டிலைத் தொட்டான், யார் நம்புவார்கள் என்று இயக்குநர் வருந்தினார். ஆளை எடுத்துவிட்டுக் கைகளை மட்டும் வைத்தார்கள். வெட்டுப்பட்ட கைகள் குழந்தைகளைப் பயமுறுத்தும் என்று கைகளையும் எடுத்தார்கள். கடைசியில் ஒரு கெட்டில் யாருடைய உதவியும் இல்லாமல் தென்னை மரங்களுக்கு மேலே பறந்துகொண்டிருந்தது.

தாளைச் சோதித்துப் பார்க்க ஃபலேசினா மக்களின் மாதிரி ஒருவர் தேவைப்பட்டார். வேனைத் துடைத்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

"இதைப் பார்த்ததும் உங்களுக்குள்ள என்ன எண்ணம் எழும்புது?" என்று ஹேஸல் அம்மாள் கனிவாகக் கேட்டார்.

"விமானத்துல போகணும்னு தோணுது மேடம்."

'உயர்ந்த எண்ணங்கள் எழுகின்றன' என்று அறிக்கையில் எழுதிக்கொண்டார்கள்.

வாரக் கடைசிகளில் வெறுங்கையோடு ஊருக்குப் போவேன். வாசலிலேயே தெலேசியா நிற்பாள்.

"என்னய்யா, வரி வந்துச்சா?"

"வரி வந்துடுச்சு. இப்ப நிறம் பாத்துட்டிருக்காங்க."

"இங்க வந்து பாக்கச் சொல்லு. குழந்தைங்க துணியில எல்லா நிறமும் இருக்கு." சொல்லிவிட்டு, நிலையத்தின் நோயாளிக் குழந்தைகளுக்காக அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைக்கப் போய்விடுவாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அரசுத் திட்டம் என்றால் நாலும் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒருவழியாக ஐந்து பதிப்பும் வந்தன. பட்டக்காரர்களுக்கான பதிப்புதான் இயக்குநரின் பெருமை. எங்கள் நாட்டில் ஒரு சபையில் வாய் திறக்கும் முன் அந்த ஊரின் பட்டங்களையும் குடும்பங்களையும் வரிசை தவறாமல் சொல்லி வணங்க வேண்டும். தாளிலும் அப்படியே செய்திருந்தார்கள். முதல் பக்கம் முழுக்க வணக்கம். இரண்டாம் பக்கமும் வணக்கம். மூன்றாம் பக்கம் பறக்கும் கெட்டில். பின்னட்டையில், அச்சகத்தின் முகவரிக்கு மேலே, பொடி எழுத்தில் இப்படி இருந்தது: 'மாற்றத்துக்குள்ளான நீரை வெப்பத்தின் துணையோடு பருகுவது குறித்துத் தாங்கள் திருவுளம் கொள்ளலாம்.'

அத்தனை மரியாதையாக எழுதிய தாளைத் தபாலில் போட முடியுமா? இயக்குநரே நேரில் கொண்டுவந்தார். வேனில் ஹேஸல் அம்மாள், புகைப்படக்காரர், துணை இயக்குநர்கள். மரியாதையாக வருகிற தாளை மரியாதையாகத்தானே வரவேற்க வேண்டும்? ஃபலேசினாவின் சபை வீட்டில் பாய் விரித்து, பன்றி சுட்டு, ஆவா கரைக்க ஏற்பாடு ஆகியிருந்தது. ஆவா என்பது ஒரு செடியின் வேர். அதைப் பொடித்துப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, தேங்காய்ச் சிரட்டையில் ஒவ்வொருவருக்கும் பெயர் கூவிக் கொடுப்பார்கள். அது முடியாமல் சபையில் எந்த வேலைப் பேச்சும் தொடங்கக்கூடாது.

பெரிய மரக்கிண்ணத்தில் ஊற்றுத் தண்ணீரை ஊற்றப் போகும்போது தெலேசியா ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஐயா, இது கொதிச்சு ஆறின தண்ணி. இதுல கரைங்க."

துய்ஃபாவோ திடுக்கிட்டுப் போனார். "சமைச்ச தண்ணியிலயா? அதுக்குப் பேரு ஆவா இல்லம்மா, சூப்பு."

"அப்ப முதல்ல அந்தத் தாளைப் படிங்க. அதுல போட்டிருக்கு."

"அரசாங்கத்துத் தாளை ஆவா குடிக்காம பிரிக்கிறதா? நம்ம ஊரை என்னன்னு நினைப்பாங்க?"

ஆக, தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம் என்று சொல்லும் தாளை, அந்தத் தண்ணீரைக் குடித்த பிறகுதான் படிக்கலாம். முறையில் பிழையே இல்லை. தெலேசியா இயக்குநரைத் திரும்பிப் பார்த்தாள். "சார், நீங்க சொல்லுங்க சார். தாளை எழுதினதே நீங்கதானே!"

அதற்குள் முதல் சிரட்டை இயக்குநர் பெயருக்குக் கூவப்பட்டுவிட்டது. அவர் சிரட்டைக்குள் பார்த்தார். பிறகு ஹேஸல் அம்மாளைப் பார்த்தார்.

"மக்களோட பண்பாட்டுக்குள்ள நாம இறங்கணும்" என்றார் ஹேஸல் அம்மாள், கொஞ்சம் வெளிறிய முகத்தோடு.

உதட்டில் வைத்துவிட்டு மீதியைப் பாயோரம் கொட்டிவிடவும் எங்கள் வழக்கத்தில் இடம் உண்டு. இயக்குநருக்கும் அது தெரியும். ஆனால் புகைப்படக்காரர், "சார், குடிக்கிறது தெரியல, நல்லா அண்ணாந்து" என்றார். இயக்குநர் அண்ணாந்தார். "சார், கண்ணை மூடிட்டீங்க, இன்னொரு தடவை." இன்னொரு சிரட்டை வந்தது. ஹேஸல் அம்மாள் குடித்தார். துணை இயக்குநர்கள் குடித்தார்கள். பட்டக்காரர்கள் குடித்தார்கள். என் பெயரையும் கூவினார்கள். அந்தச் சபையில் என் பெயரைக் கூவியது அதுவே முதல் தடவை. எப்படிக் குடிக்காமல் இருப்பேன்? தெலேசியாவின் பக்கம் பார்க்காமல் ஒரே மூச்சில் குடித்தேன்.

பிறகு ஊர்ப் பேச்சாளர் எழுந்து தாளைப் படித்தார். வணக்கங்கள் நீண்டன. இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு துணை இயக்குநர் எழுந்து மரியாதையாக வெளியே போனார். அடுத்து இரண்டு பட்டக்காரர்கள் போனார்கள், மரியாதை கொஞ்சம் குறைவாக. கெட்டில் படம் வருவதற்குள் சபையில் பேச்சாளர் மட்டும் இருந்தார். அவரும் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றபடி படித்தார். பின்னட்டை வரை அவர் போகவில்லை. வெளியே, ஊரின் ஒரே கழிவறைக்கு முன்னால், அரசும் மக்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். "பண்பாடு... கொஞ்சம் வேகமாத்தான் இருக்கு" என்று ஹேஸல் அம்மாள் என்னிடம் முனகினார்.

'தகவலைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இலக்கு மக்கள் அனைவரும் எழுந்து விரைந்து செயல்பட்டனர்' என்று இயக்ககத்தின் மதிப்பீட்டு அறிக்கை கூறியது. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

பட்டும் திருந்தவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். திருந்தத்தான் பார்த்தோம். ஊர் கூடி உட்கார்ந்து காரணத்தை ஆராய்ந்தது. தாளின் வணக்க வரிசையில் கடற்கரை ஓரத்துக் குடும்பம் ஒன்றின் பட்டம் விடுபட்டிருந்தது தெரியவந்தது. முன்னோரை விட்டுவிட்டு வணங்கினால் வயிறு கலங்காமல் என்ன செய்யும்? பட்டத்தைச் சேர்த்து இரண்டாம் அச்சு போடும்படி இயக்ககத்தைக் கேட்டுக்கொள்வது என்று தீர்மானம் ஆயிற்று. இயக்ககமும் வருத்தம் தெரிவித்தது. ஊரார் பழையபடி ஊற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். அப்பியா ஆஸ்பத்திரிக்கு இன்னொரு குழந்தை போயிற்று.

அன்று நான் வீட்டுக்குப் போனபோது தெலேசியா அடுப்பருகே சும்மா உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய் நிலையத்தின் கழிவறையைப் பூட்டினாள். சாவியை ஒரு கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, நிலைய வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்:

"கொதிக்க வெச்சுக் குடிச்சவங்களுக்கு இது தேவைப்படாது. கொதிக்க வைக்காதவங்களுக்கு இது கிடையாது."

அவ்வளவுதான். வணக்கம் இல்லை, கெட்டில் படம் இல்லை. பொழுது சாய்வதற்குள் ஃபலேசினாவில் அடுப்பு எரியாத வீடு இல்லை. துய்ஃபாவோ வீட்டு வாசலில் மிகப் பெரிய அண்டா கொதித்தது. "ஊத்துத் தண்ணி மேல குத்தமில்ல. அதைக் கொஞ்சம் சூடா மரியாதை பண்றோம்" என்று அவர் விளக்கினார். சில வாரங்களில் குழந்தைகள் தேறினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவை இரண்டும் கன்னம் உப்பித் திரும்பி வந்தன. தெலேசியா பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தாள். நானும் என் பங்குக்குக் கொதித்த தண்ணீரையே குடித்தேன். இரவில் அவளிடம் சாவி கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் வெற்றி என்பது அரசாங்கத்தின் கண்ணில் படாமல் இருக்குமா?

"ஒரே ஒரு தகவல் சாதனம், முழு ஊரும் மாறியிருக்கு!" என்று இயக்குநர் மேசையைத் தட்டினார். "என்ன சாதனம் சிமி அது?"

"சாவி சார்."

ஹேஸல் அம்மாள் குறித்துக்கொண்டார். அடுத்த மாதம் என் வேன் நிறையச் சாவிகள். பட்டக்காரர்களுக்குப் பித்தளையில். மகளிர் குழுவுக்கு ரோஜா நிறத்தில். இளவட்டங்களுக்கு இருட்டில் ஒளிரும் பிளாஸ்டிக்கில். மீனவர்களுக்கு, கடலில் விழுந்தால் மிதக்கும்படி தக்கை கட்டி. போதகருக்குச் சிலுவை வடிவத்தில்.

"இதுல தண்ணியைப் பத்தி ஏதாவது எழுதலாமா சார்?" என்று கேட்டேன்.

"எழுதினா செய்தி குழம்பிடும்" என்றார் ஹேஸல் அம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்பில் தேவாலயத்துக்கு வந்த ஊர், கழுத்துக்கு ஒரு சாவியோடு ஜொலித்தது. சாவி இல்லாத பக்கத்து ஊர்க்காரர்கள் பொறாமைப்பட்டார்கள். வாசல் அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. "என்னங்கய்யா இது?" என்று தெலேசியா கேட்டபோது துய்ஃபாவோ தன் பித்தளைச் சாவியைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"கொதிக்க வைக்கிறதெல்லாம் சாவி இல்லாதவங்களுக்கும்மா. எங்களுக்குத்தான் அரசாங்கமே குடுத்துடுச்சே."

நன்றி சொல்ல இயக்குநரை அழைத்தார்கள். அவரும் பரிவாரத்தோடு வந்தார். பாய் விரித்தார்கள். பன்றி சுட்டார்கள். ஆவா கரைத்தார்கள், பச்சைத் தண்ணீரில்தான். என் பெயரை இரண்டாம் தடவையாகக் கூவினார்கள்.

சற்று நேரத்தில் எல்லோரும் கழிவறைக்கு முன்னால் சாவியும் கையுமாகக் கூடியிருந்தோம். முதலில் துய்ஃபாவோ தன் சாவியைப் பூட்டில் விட்டார். திரும்பவில்லை. தக்கை கட்டிய சாவியும் திரும்பவில்லை. சிலுவைச் சாவி உள்ளேயே போகவில்லை. தெலேசியா நிலைய வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அசல் சாவி அவள் இடுப்பில் இருந்தது.

"எந்தச் சாவியும் சேராது. அதெல்லாம் பூட்டைப் பாத்துச் செஞ்சதில்ல, உங்களைப் பாத்துச் செஞ்சது" என்றாள்.

அவளைச் சுற்றி ஊரின் குழந்தைகள் எல்லாம் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கென்று யாரும் சாவி செய்யவில்லை. அதனால் அவர்கள் இன்னும் தெலேசியாவின் அண்டாவிலிருந்துதான் குடிக்கிறார்கள்.

வரிசையில் எனக்கு முன்னால் இயக்குநர் வியர்த்துப்போய் நின்றார். அவருடைய சாவி வெள்ளியில் செய்தது.